சிவப்பாக வந்த ஆயில்

என் கணவரின் நண்பர் ஒருவர் இருந்தார். என் கணவர் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியிலேயே அவருக்கும் வேலை, கோயம்புத்தூர்க்காரர். எதைக் கேட்டாலும் "சிம்பிள்" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டு மார்ட்கேஜ், முதுகு வலி, ஆக்லாந்துக் குளிரில் புளிக்காத இட்லி மாவு, எல்லாமே அவருக்குச் சிம்பிள். அவர் சொன்னபடி ஹீட்டர் பக்கத்தில் வைத்த மாவை ஒருமுறை அப்படியே குப்பையில் கொட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர் சொல் என் வீட்டில் வேதவாக்காகவே இருந்தது.

அந்த மனிதர்தான் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் லின்ஃபீல்ட் வீட்டுக்கு, காரின் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் பிளாஸ்டிக் ராம்ப் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் காருக்கு எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டியிருந்தது. கராஜில் விடலாம் என்றேன். என் கணவர் சிரித்தார்.

"கராஜுக்காரன் ஏமாத்துவான். வீடியோ பாத்தாச்சு. நாங்களே பண்ணிடறோம்."

கார் என்னுடையது. அதில்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவேன். ஆனால் அதைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் எனக்கு இடமில்லை. டீ போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

டீயோடு வெளியே வந்தபோது நண்பர் காருக்கு அடியில் படுத்திருந்தார். புதிதாக வாங்கிய நீல ஓவரால், கையில் புது உறை. ஆபரேஷன் தியேட்டரில்கூட இவ்வளவு அலங்காரத்தை நான் பார்த்ததில்லை. என் கணவர் பக்கத்தில் குந்தியபடி டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அதுவும் நல்ல வெயிலில். அடியில் ஒரு போல்ட்டைத் திருகிக் கழற்றியதும் தட்டில் ஆயில் கொட்டியது. செக்கச்செவேல் என்றிருந்தது.

நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். நிறத்தைக் கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அண்ணே, எஞ்சின் ஆயில் கருப்பாத்தானே வரும்? இது ஏன் சிவப்பா இருக்கு?"

"அது நல்ல ஆயில்மா. ஜப்பான்ல ஊத்தினது. அவங்க குவாலிட்டியே வேற."

கார் ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியானது, உண்மைதான். ஆனால் நாங்கள் வாங்கிய பிறகே பலமுறை ஆயில் மாற்றியாகிவிட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "வேலை நடக்கும்போது பேசாத. அவருக்குக் கான்சன்ட்ரேஷன் போயிடும்."

அடுத்தது ஃபில்டர். கைக்குத் திரும்பவில்லை. கழற்றுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அது அவரிடம் இல்லை. ஸ்க்ரூடிரைவரைச் சுத்தியலால் அடித்து ஃபில்டருக்குள் இறக்கி, அதையே பிடியாகக் கொண்டு முறுக்கினார். தகரம் கிழிந்தது. கடைசியில் ஃபில்டர் கழன்றது. அதிலிருந்து தார் போன்ற கருப்பு ஆயில் அவர் முழங்கை வழியாக ஓவராலுக்குள் இறங்கியது.

"இது மட்டும் கருப்பா இருக்கே?" என்றேன்.

"ஃபில்டர்னா அழுக்கைப் பிடிக்கிறதும்மா. அழுக்கு கருப்பாத்தான் இருக்கும். சிம்பிள்."

அறியாமை கூச்சப்படும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது இப்படிக் கணீரென்று பாடம் நடத்தும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போல்ட்டைத் திரும்ப மாட்டி, புது ஃபில்டரைப் பொருத்தினார்கள். புது ஆயிலை முழுக்க ஊற்றினார்கள். சிவப்பு ஆயில் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு நண்பர் தெருவோரச் சாக்கடைக் கம்பியை நோக்கி நடந்தார். "மழைத்தண்ணியோட போயிடும்."

"அது நேரா கடலுக்குப் போற தண்ணி. கீழ வைங்க," என்று கத்திவிட்டேன். என் கணவருக்கு முகம் சுருங்கிப் போனது. காருக்கு நேர்ந்துகொண்டிருந்ததைப் பற்றி அல்ல. நான் நண்பரிடம் குரலை உயர்த்தியதைப் பற்றி.

பிறகு என் கணவர் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். நீலப் புகை கிளம்பியது. ரிவர்ஸ் கியர் போட்டு ஹேண்ட்பிரேக்கை எடுத்தார். கார் ராம்ப்பிலிருந்து மெதுவாகப் பின்னால் இறங்கியது.

"பாத்தியா? ஓடுது!" ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் டிரைவ்வே தெருவை நோக்கிச் சரிந்து இறங்கும். கார் ஓடவில்லை, உருண்டுகொண்டிருந்தது. அவர் வெற்றியை ரசித்து முடித்துப் பிரேக் போடுவதற்குள், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவின் தபால் பெட்டி சாய்ந்துவிட்டது. முன்னால் வரக் கியர் போட்டார். எஞ்சின் உறுமியது. கார் அசையவில்லை. நண்பர் பானெட்டைத் தட்டிப் பார்த்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சத்தம் கேட்டு அந்த அக்கா வெளியே வந்தார். தபால் பெட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நீல ஓவராலைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, உங்கட கார் பின்னுக்கு மட்டும்தான் ஓடுமோ?"

"ஆமாக்கா. இன்னைக்குக் காலையிலேர்ந்து."

நான் பானெட்டைத் திறந்து எஞ்சினின் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டையும் தாண்டி எங்கேயோ ஏறியிருந்தது, கருப்பு நிறத்தில். ஃபில்டரில் இருந்ததைத் தவிரப் பழைய ஆயில் இறங்கவே இல்லை. அதன் தலையிலேயே புதியதை ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் தட்டில் இருந்தது எது? கியர்பாக்ஸின் ஆயில், அதுதான் சிவப்பாக இருக்கும். தப்பான போல்ட்டைக் கழற்றி, கியர்பாக்ஸைக் காலி செய்துவிட்டார்கள்.

கம்பியை நண்பரின் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இம்போர்ட் கார்ல இதான் பிரச்சனை. எல்லா போல்ட்டும் ஒரே மாதிரி வச்சிருப்பான்," என்றார். பிறகு வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்து ராம்ப்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டோ டிரக் வந்து காரைப் பென்ரோஸ் பக்கம் ஒரு கராஜுக்கு இழுத்துப் போனது. கியர்பாக்ஸ் தப்பித்தது. கார் சொந்தமாக ஓட முடியாமல் போனதுதான் அதைக் காப்பாற்றியது. கார் திரும்பி வரும்வரை நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். என் கணவர் தன் காரில் போனார். தபால் பெட்டியை நட்டுக் கொடுத்தவளும் நான்தான்.

சில வாரங்களுக்குப் பிறகு சான்ட்ரிங்ஹாமில் ஒரு பிறந்தநாள் விருந்து. நண்பர் பிரியாணித் தட்டோடு நடுவில் நின்று ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனபோதுதான் அது என் கார்க் கதை என்று தெரிந்தது.

"பின்னாடி நின்னு கேள்வி மேல கேள்வி. மனுஷன் எப்படி வேலை செய்வான்? அதான் போல்ட்டு மாறிடுச்சு."

என் கணவரும் அந்த வட்டத்தில் இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் என்ன கேள்வி கேட்டேன்னும் சொல்லுங்க," என்றேன்.

"என்னம்மா?"

"ஆயில் ஏன் சிவப்பா இருக்குன்னு கேட்டேன். ஜப்பான் குவாலிட்டின்னீங்க."

ஒரு பெண் மட்டும் சத்தமாகச் சிரித்தாள். ஆண்கள் தங்கள் தட்டுகளில் கறித்துண்டைத் தேட ஆரம்பித்தார்கள். திரும்பும் வழியில் என் கணவர், "நாலு பேர் முன்னாடி அவரை அப்படிக் கேட்டிருக்கணுமா?" என்றார். நாலு பேர் முன்னால் என்னைப் பற்றிப் பேசியது அவர் காதில் விழுந்திருக்கவே இல்லை.

அடுத்த முறை ஆயில் மாற்றும் வேளை வந்தபோது நானே ராம்ப் வாங்கினேன். ஃபில்டர் கழற்றும் கருவியும் வாங்கினேன். எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் படுத்து, எந்த போல்ட் எஞ்சினுடையது என்று பார்த்துக் கழற்றினேன். கருப்பாக வந்தது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்கினேன். போல்ட்டை மூடி, புது ஆயிலை அளவு பார்த்து ஊற்றினேன். பழைய ஆயிலை, அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் பிறகு கொடுப்பதற்காகக் கேனில் பிடித்து வைத்தேன். கஷ்டமான வேலையே இல்லை. நிதானமாகப் பார்க்கும் கண் வேண்டும், அவ்வளவுதான்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது என் கணவர் வெளியே போய், ராம்ப்பில் நின்ற காரோடு சேர்த்துத் தன்னைப் படமெடுத்து, நண்பர்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தார். "ஆயில் சேஞ்ச். நாங்களே பண்ணிட்டோம்."

முதல் பதில் கோயம்புத்தூர்க்காரரிடமிருந்து வந்தது. "சூப்பர். போல்ட்டை செக் பண்ணிட்டுத்தானே கழட்டினீங்க?"