அம்புக்குறி போடாத படம்

மர்ஷூதா என்பது அவருடைய உண்மைப் பெயரல்ல. கல்முனைப் பக்கத்து மணப்பெண் அலங்காரக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பெயரை மறைத்துவிட்டுத் தொழிலைச் சொன்னால், படித்து முடிக்கும் முன்பே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதச் சொன்னவரும் அவர்தான்.

நான் எச்.ஐ.வி. கிளினிக்கில் தாதி, பெரியநீலாவணைக்காரி. மர்ஷூதா மருந்தெடுக்க வந்தால், காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து யாருக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாளும் மருந்தைத் தவறவிட்டதில்லை. இப்போது ரத்தத்தில் வைரஸ் அகப்படாத அளவுக்கு இறங்கிவிட்டது. "என்ட கையால மருதோண்டிதான் ஒட்டும் மிஸ், நோய் ஒட்டாது" என்பார். ஆனாலும் விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு வீட்டிலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெளியே விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய மதினி, கணவரின் தங்கை சரீபா. மர்ஷூதாவின் கணவர் இறந்த நாளிலிருந்து அண்ணனைப் பற்றி அவளுக்கு ஒரே பேச்சு: "எங்கட காக்காக்கு நோயை நீதான் குடுத்தாய்."

இந்த நிலையில்தான் டொக்டர் பவிதரன் ஆராய்ச்சிக்காகக் கொழும்பிலிருந்து வந்தார். முன்பு சோதனைக்கு எடுத்து வைத்த ரத்தத்தில் வைரஸின் மரபணுவைப் படித்து, எது எதற்கு நெருக்கம் என்று பார்ப்பாராம். எங்கே பரவுகிறதென்று தெரிந்தால் அங்கே சிகிச்சையைக் கொண்டுபோகலாம். நல்ல மனுஷன், உதாரணத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

"நீங்க கலியாணத்துக்குக் குடி பார்க்கிறீங்களே, அது மாதிரித்தான். பேர் ஒண்டும் வராது."

குடி என்பது இங்கே தாய்வழி வம்சம். முஸ்லிம்களுக்கும் உண்டு, தமிழர்களான எங்களுக்கும் உண்டு. ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்யமாட்டோம். மர்ஷூதா சிரித்துவிட்டார்.

"குடியையும் ஊரையும் சொன்னாப் போதும் டொக்டர். எந்த ஊடு எண்டு புரோக்கர் சொல்லிருவாரு. பேர் எதுக்கு?"

டொக்டரும் சிரித்தார். ஊரை எடுத்துவிட்டு மாகாணத்தை மட்டும் போடுவதாக ஒப்புக்கொண்டு, மாதிரிப் படமொன்றைக் காட்டினார். புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், சில கோடுகளின் நுனியில் அம்புக்குறி.

"இந்த அம்பு என்னத்துக்கு?"

"ஆரிட்ட இருந்து ஆருக்கு வந்திருக்கலாம் எண்ட ஊகம். நிச்சயமாச் சொல்லேலாது. நடுவில நாங்க அறியாத இன்னொராள் இருக்கலாம்."

"என்ட மாப்பிளட ரெத்தமும் உங்களுக்கிட்ட இரிக்கா?" என்று கணவரைப் பற்றிக் கேட்டார்.

"ஓம்."

மர்ஷூதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படத்தையே பார்த்தார். அம்பு கணவரிடமிருந்து இவரை நோக்கி வந்தால், என்று நான் நினைத்தேன். சரீபாவின் வாயை அடைக்க இதைவிட என்ன வேண்டும்?

"என்டத எடுங்க" என்றார் கடைசியில். "மருந்து கிடைக்காத ஒரு பொம்புளைக்கு உதவினாச் சந்தோசம். அம்பு மட்டும் போடப்படாது. அவர்ரதத் தொடவும் வேணாம்."

"அது உங்களுக்குச் சாதகமாவும் வரலாமே" என்றேன், அடக்கமாட்டாமல். டொக்டர் என்னை முறைத்தார்.

"மிஸ், அவர் உசிரோட இருக்கக்குள்ளயே நான் அதக் கேக்கல்ல. அவரும் எனக்கிட்டக் கேக்கல்ல. ஒரே கோப்பைத் தண்ணியில ரெண்டு பேரும் மருந்து குடிச்சம். இப்ப அவர்ர ரெத்தத்துக்கிட்டப் போய்க் கேக்கச் சொல்றீங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. டொக்டர் அந்த மனிதரின் ரத்தத்தை ஆராய்ச்சியிலிருந்து விலக்கினார்; படத்திலிருந்த அம்புக்குறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

சரீபா இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆராய்ச்சி முடிந்து படம் வந்தபோது அவருக்குக் காட்டினேன். எங்கள் மாகாணத்தில் கோடு சேராத புள்ளிகள் பல கிடந்தன. ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார்.

"இதுல நான் எது மிஸ்?"

"தெரியாது" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

"அப்ப சரி" என்று மருந்தை வாங்கிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டார்.