சொல்லாமல் கூட்டிப் போன அஞ்சு நாய்கள்

போன வருசம் ஆவணிப் பள்ளிக்கூட விடுமுறையில நடந்த விசயம் இது. இடம், மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, நாங்க படுவான்கரை எண்டு சொல்ற மேற்குக் கரையில ஒரு தென்னந்தோட்டத்து வீடு. அந்த வீட்டு வாசல்ல மணலுக்குள்ள குந்தி இருந்து நான் அழுத அழுகையை நினைச்சா இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அது நடக்காம விட்டிருக்கலாமே எண்டு ஒருநாளும் நான் நினைச்சதில்ல.

நான் ஒரு கணக்கு டீச்சர். எதையும் லிஸ்ட் போடாமச் செய்ய ஏலாத ஆள். "இவ தன்ட செத்தவீட்டுக்கும் லிஸ்ட் எழுதி வெச்சிட்டுத்தான் போவா" எண்டு என்ட புருசன் பகிடி பண்ணுவார்.

அந்த விடுமுறைக்கு நாலு வருசம் முதல் நான் போன பஸ் ஒண்டு வளைவில புரண்டு போச்சு. எனக்குக் கீறல் கூட இல்ல. ஆனா அதுக்குப் பிறகு ஒரு பெரிய சத்தம் கேட்டாலே மூச்சு அடைக்கும், கை கால் விறைக்கும், இப்பவே செத்திருவன் எண்டு தோணும். கரும்பலகைக்கு முன்னால வெண்கட்டியோட நிக்கக்குள்ளயே ரெண்டு தரம் அப்பிடி வந்திட்டு. மனநல டொக்டரிட்ட போனன். மருந்து தந்தார், கதைச்சார், கொஞ்சம் குறைஞ்சது. பிறகு ஒருநாள், "டீச்சர், ஒரு நாயும் பழக்கிப் பாப்பமா?" எண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டு. நாய் என்ன மருந்தா?

மருந்துதான். என்ட நாய்க்குப் பேர் வண்டு. கன்னங்கரேலெண்டு, ஒரு காது மடிஞ்ச ஊர்நாய். கொழும்பில இருந்து மாசம் ஒருக்கா வாற பயிற்சியாளர் ஒராள் ஒரு வருசமா அவனைப் பழக்கினார். என்ட மூச்சு மாறத் தொடங்கினா எனக்குத் தெரியிறதுக்கு முதல் வண்டுக்குத் தெரியும். வந்து என்ட கையை மூக்கால தட்டுவான். நான் இருந்திட்டா மடியில ஏறி முழுப் பாரத்தையும் போட்டுப் படுத்திருவான். அந்தப் பாரம் இருக்கே, அது என்னைப் பிடிச்சு இந்தப் பூமியில இருத்தி வெக்கும். பத்து நிமிசத்தில மூச்சு சரியாகிரும்.

இவ்வளவும் உங்களுக்குச் சொல்றன். அப்ப ஒருத்தருக்கும் சொல்லல்ல. "என்ன டீச்சர், எங்க போனாலும் நாயோட?" எண்டு ஆரும் கேட்டா, "கள்ளர் பயம்" எண்டு சொல்லி விட்டிருவன். எங்கட ஒழுங்கையில உள்ள ஆக்கள் எங்கட வீட்டில நகை குவிஞ்சு கிடக்கு எண்டு நம்பிட்டாங்க. நம்பட்டும். டீச்சருக்கு மனசில வருத்தம், ஏதோ மனநோய் எண்டு ஊர் கதைக்கிறதை விட அது மேல் எண்டு நான் நினைச்சன்.

என்னைப் போல நாயோட இருக்கிற ஆக்கள் எல்லாமா அஞ்சு பேர். மாசத்தில ஒருநாள் கிளினிக் முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழ கூடுவம். அதில ஒரு அக்கா, தையல் வேலை செய்யிறவ. அவவுக்கு நித்திரையில கெட்ட கனா வரும். அலறி எழும்புறதுக்கு முதல் அவட நாய் சீனி முகத்தை நக்கி எழுப்பிரும். ஆறு வருசமா அந்த அக்கா தன்ட வீட்டை விட்டு வேற ஒரு இடத்தில ஒரு ராத்திரியும் தங்கினதில்ல. ஒருநாள் வேப்பமரத்துக்குக் கீழ இருந்து, "வாவிக்கு மேல சூரியன் எழும்புறதை ஒருக்கா ஆறுதலா இருந்து பாக்கணும் எண்டு ஆசையா இருக்கு" எண்டு சொன்னா. அவ இருக்கிறது கிழக்குக் கரையில. சூரியன் வாவிக்கு மேல எழும்புறதைப் பாக்கிறதெண்டா அங்கால, படுவான்கரைக்குப் போய் விடியும் வரைக்கும் தங்கணும்.

எனக்கு அது போதும். "போவம்! அஞ்சு பேரும், அஞ்சு நாயும், ரெண்டு நாள்!" எண்டு அந்த இடத்திலயே லிஸ்ட் எழுதுற கொப்பியை எடுத்திட்டன்.

அக்கா கனநேரம் யோசிச்சா. பிறகு சொன்னா: "வாறன். ஆனா ஒண்டு. போன இடத்தில நாயைப் பாத்திட்டு, திரும்பிப் போங்க எண்டு ஆரும் சொன்னாங்க எண்டா, நான் அதோட சரி. இனி எங்கயும் வரமாட்டன். என்னைக் கூப்பிடவும் வேணாம்."

அவ வெருட்டுறதுக்குச் சொல்லல்ல. சொல்லக்குள்ள அவட கை சீனிட கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடிச்சிருந்தது. நான் பெரிய ஆள் மாதிரி, "அதெல்லாம் நான் பாத்துக்கிறன்" எண்டன்.

லிஸ்ட் நாலு பக்கத்துக்குப் போச்சு. நாய்களுக்குத் தண்ணிக் கோப்பை, சூட்டு மணல்ல கால் பொசுங்காம நடக்கிற நேரம், மிருக வைத்தியர்ட நம்பர், எங்கட மருந்துகள், தனிய இருக்க விரும்புறவங்களுக்கு ஒரு மூலை. வாவியைக் கடக்கிற பாதையில, அதான் ஆக்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏத்திப் போற மிதவையில, எஞ்சின் சத்தத்துக்கு வண்டு பழகணும் எண்டு மூணு தரம் சும்மா போய் வந்தன். "கள்ளனைப் பிடிக்கிற நாய்க்கு வாவியில என்ன டீச்சர் வேலை?" எண்டு பாதை ஓட்டுறவர் கேட்டார். "கள்ளன் நீந்தி வந்தா?" எண்டு சொல்லிச் சமாளிச்சன். மனுசன் சிரிச்ச சிரிப்பு அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

தங்கிறதுக்கு இடம்தான் கிடைக்கல்ல. முதல் இடத்தில, "நாயா?" எண்டு கேட்டு போனை வெச்சிட்டாங்க. ரெண்டாவது இடத்தில, ஆக்களுக்கு அறை இருக்கு, நாயைக் கோழிக்கூட்டுப் பக்கம் கட்டலாம் எண்டாங்க. நாய் பக்கத்தில இல்லாட்டி நாங்க போய் என்ன பிரயோசனம்?

மூணாவதா ஒரு சிநேகிதி இந்தத் தென்னந்தோட்டத்து வீட்டைச் சொன்னா. வீட்டுக்காரர் காத்தான்குடி ஆள். கனகாலம் கட்டார் நாட்டில இருந்து உழைச்சுக் கட்டின வீடாம். அவர் முஸ்லிம் எண்டு கேட்ட உடனேயே நான் முடிவு கட்டிட்டன்: நாய் எண்டு சொன்னா இவர் ஒருநாளும் தரமாட்டார். அதால சொல்லல்ல.

போனில, "எத்தின பேர் டீச்சர்?" எண்டு கேட்டார்.

"அஞ்சு பேர் காக்கா. எல்லாம் பொம்புளைகள்தான்." எங்கட பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா எண்டுதான் கூப்பிடுவம்.

"வேற விசேசம் ஒண்டும் இல்லையே?"

"ஒண்டுமில்ல காக்கா."

சாவியைப் பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரரிட்ட குடுத்து வெக்கிறன் எண்டார். எனக்குச் சந்தோசம் தாங்கல்ல. சனிக்கிழமை போறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டை நல்லாக் கழுவி விட்டிட்டு வாறது. அந்த மனுசனுக்கு எங்க தெரியப் போகுது? கிளினிக்கில மற்ற நாலு பேருக்கும், "கேட்டன், ஓம் எண்டிட்டார்" எண்டு சொன்னன். ஒரு பொய்யை ரெண்டு பக்கமும் சொன்ன கெட்டிக்காரி நான்.

அந்தச் சனிக்கிழமை எல்லாம் லிஸ்டில இருந்த மாதிரியே நடந்தது. பாதையில ஒரு நாயும் குரைக்கல்ல. தையல்கார அக்கா ஓரத்தில நிண்டு, சேலைத் தலைப்பு காத்தில பறக்க, சிரிச்சா. அவ பல்லுத் தெரியச் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டன். இறங்கித் தோட்டத்து வேலியோட நடந்து, கேற்றைத் தள்ளினன்.

உள்ளுக்கு வீட்டுக்காரர் நிக்கிறார்! பக்கத்தில அவர்ட மனைவி. விறாந்தையில பெரிய சட்டி, மூடி வெச்ச சோறு, கறிக் கிண்ணங்கள். வாற ஆக்களைப் பூட்டின வீட்டுக்குப் பசியோட விடுறதா எண்டு நினைச்சு, விடியவே வந்து சமைச்சிருக்காங்க. எங்கட பக்கத்து ஆக்கள் இப்பிடித்தான் எண்டு எனக்குத் தெரியாதா? நாலு பக்க லிஸ்டில அதை மட்டும் நான் எழுத மறந்திட்டன்.

அவர் என்னைப் பாத்தார். வண்டுவைப் பாத்தார். எனக்குப் பின்னால ஒண்டொண்டா வந்த நாலு நாயையும் பாத்தார். அவர்ட மனைவி, "யா அல்லாஹ்!" எண்டு சமைக்கிற குசினிக்குள்ள ஓடிப் போய் அரைக்கதவைப் பூட்டிட்டா.

"என்ன டீச்சர் இது?" எண்டார் அவர்.

நான் திரும்பிப் பாத்தன். தையல்கார அக்கா ஒரு கேள்வியும் கேக்கல்ல. என்ட முகத்திலயே எல்லாத்தையும் விளங்கிட்டா. சீனியையும் இழுத்துக்கொண்டு, வந்த வழியில திரும்பிட்டா. அவட முதுகைப் பாத்த உடன எனக்கு மூச்சு அடைச்சிட்டு. நான்தானே இவவை வீட்டை விட்டு வெளிய எடுத்தன், நான்தானே இனி இவ ஒருநாளும் வெளிய வராமச் செய்யப் போறன் எண்டு நெஞ்சு வெடிக்கிற மாதிரி. கால் மடிஞ்சு மணல்ல குந்திட்டன். வண்டு ஒரு நொடி பாக்கல்ல. மடியில ஏறி, பாரத்தைப் போட்டுப் படுத்திட்டான்.

எல்லாருக்கும் முன்னால, நாயைக் கட்டிப் பிடிச்சபடி, நான் ஓ எண்டு அழுதன். அழுகைக்குள்ளயே சொன்னன்: "காக்கா, நான் பொய் சொல்லிட்டன். எனக்கு மனசில வருத்தம். எங்க எல்லாருக்கும்தான். இது சும்மா நாய் இல்ல, எனக்கு மருந்து. நீங்க தரமாட்டீங்க எண்டு நானாவே நினைச்சுக் கேக்காம விட்டிட்டன். பிழை என்னில. அவங்களில இல்ல."

நாலு வருசத்தில வெளி ஆள் ஒருத்தருக்கு அதை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தரம்.

அவர் குனிஞ்சு வண்டுவைப் பாத்தார். பிறகு என்னைத் தாண்டி, கேற்றடியில போய்க்கொண்டிருந்த அக்காவைப் பாத்துச் சத்தமாக் கூப்பிட்டார்: "தங்கச்சி, எங்க போறீங்க? சோறு ஆறுது!"

அக்கா நிண்டா. திரும்பல்ல. ஆனா நிண்டா.

"நாயும் வரட்டும். அதுக்கும் சேத்துத்தான் கூப்பிடுறன்" எண்டார்.

அக்கா மெல்லத் திரும்பி வந்தா. அவர் ஒரு கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டு இருந்தார். கோவமாத்தான் இருந்தார், அது அவர்ட குரல்ல தெரிஞ்சது. "டீச்சர், வேலை செய்ற நாய வெச்சிக்கிறதுக்கு எங்கட மார்க்கத்தில தடையில்ல. வேட்டைக்கு, தோட்டத்துக்கு, காவலுக்கு வெச்சிக்கிற இல்லையா? அதிட எச்சில், ஈரம்தான் எங்களுக்குப் பிரச்சின. பட்டிச்செண்டா ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண் கலந்த தண்ணியால. அவ்வளவுதான். கேட்டிருந்தா நேத்தே எல்லாம் ஒழுங்கு பண்ணியிருப்பன். என்னட்ட கேக்காமலே எனக்காக நீங்க பதில் சொல்லிட்டீங்க. அதுதான் எனக்குக் கவல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிச் சாகலாம் போல இருந்தது. பள்ளிக்கூடத்தில பிள்ளைகளுக்கு, கேள்வியை வாசிக்காம விடை எழுதாத எண்டு எத்தின தரம் அடிச்சுச் சொல்லியிருப்பன்!

பிறகு அவர், "அந்த லிஸ்டக் காட்டுங்க" எண்டார். என்ட நாலு பக்கத்தையும் வாசிச்சார். பேனையை வாங்கி, என்னை விடப் பெரிய திட்டக்காரராத் தானும் எழுதத் தொடங்கிட்டார். தொழுகிற அறை பூட்டியிருக்கும், அந்தப் பக்கம் நாய் வரவேணாம். கிணத்துக்கு ரெண்டு வாளி, நாய்களுக்குச் சிவப்பு. பாய்களையும் மெத்தைகளையும் எடுத்திட்டு, வாவிப் பக்கத்து மண்டபத்தில நாங்க கொண்டுவந்த பாயைப் போட்டு நாய்களோட படுக்கலாம்; சீமெந்துத் தரை, கழுவுறது லேசு. தோட்டத்து மூலையில இருந்து சுத்தமான மண் ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து விறாந்தையில வெச்சார். "கடைசிக் கழுவல் உங்கட வேலை. டீச்சர்தானே, ஏழு வரைக்கும் எண்ணத் தெரியும்" எண்டார். அப்பதான் எல்லாரும் சிரிச்சம்.

அவர்ட மனைவி அண்டைக்கு முழுக்க அரைக்கதவுக்கு இங்கால வரல்ல. ஆனா அந்தக் கதவுக்கு மேலால கேட்ட கேள்விகள் இருக்கே! "அது எப்பிடிகா உங்கட மூச்ச அறியிற? மனுசரே அறியிற இல்லையே!" "அதுக்கு உறைப்பு ஆகுமா?" "அது என்னயே பாக்கிது, எனக்கும் வருத்தம் இரிக்கோ?" பின்னேரம் ரெண்டு பேரும் சாவியை எங்களிட்ட தந்திட்டுத் தங்கட வீட்டுக்குப் போகக்குள்ள, உப்புப் போடாம அவிச்ச கோழி இறைச்சியை வாழை இலையில சுத்தி, அஞ்சு பொட்டலமாக் கதவுக்கு மேலால நீட்டினா. "எண்ணித்தான் கட்டின, ஒண்டும் குறையாது" எண்டா.

அடுத்த நாள் விடிய நான் எழும்பி வரக்குள்ள, தையல்கார அக்கா வாவிக்கரையில சீனியோட இருந்தா. கிட்டப் போய் இருந்தன். சூரியன் அக்கரைத் தென்னைகளுக்குப் பின்னால இருந்து வந்து, தண்ணி முழுக்கச் சிவந்தது. தோணியில ஒராள் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னா: "ராவு சீனி ஒரு தரம் எழுப்பினான். பிறகு நித்திரை வந்திட்டு. பிற ஊட்டில எனக்கு நித்திரை வந்திட்டு டீச்சர்." அவ அழுதா, நானும் அழுதன். அது நல்ல அழுகை.

மத்தியானம் மண்ணும் தண்ணியும் கலந்து, நாங்க அஞ்சு பேரும் அந்த மண்டபத்தை ஏழு தரம் கழுவினம். சத்தமா எண்ணி எண்ணிக் கழுவினம். அவர் சாவி வாங்க வந்து தரையைப் பாத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுக்க முதல், தையல்கார அக்கா முன்னுக்கு வந்தா. ஆறு வருசமா முன்பின் தெரியாத ஆம்புளை ஆரோடயும் முகம் பாத்துக் கதைக்காத மனுசி, அவரை நேராப் பாத்துச் சொன்னா: "காக்கா, அடுத்த வருசமும் வருவம். அஞ்சு பேர், அஞ்சு நாய். இப்பவே சொல்லிட்டன்."

"சொன்னாச் சரி" எண்டு அவர் சிரிச்சார்.

இப்ப எங்கட ஒழுங்கையில ஆரும் என்னைக் கேட்டா நான் கள்ளன் கதை சொல்றதில்ல. எனக்கு மனசில வருத்தம், இவன் என்ட மருந்து எண்டு சொல்லிருவன். சில பேர் ஒதுங்கிப் போவாங்க, சில பேர் நிண்டு கேப்பாங்க. ஆனா கேக்க முதல் ஒருத்தர்ட பதிலை நானே எழுதி வெக்கப் பாத்தன் எண்டா, சோறு ஆறுது எண்டு கேற்றடி வரைக்கும் கேட்ட அந்தக் குரல் என்ட காதில வந்திரும், நான் பேனையை வெச்சிட்டு முதல்ல கேட்டிருவன்.