ஓட்டாஞ்சில்லு சாட்சி

மதுவிலக்குச் சட்டம் எங்கள் ஜில்லாவுக்கு வந்த புதிதில், தென்காசியில் ஒரு தர்மாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். வகுப்பில் ஒரே பெண்ணாகச் சென்னையில் படித்துத் தேறி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மருந்து நிறுப்பது, கலப்பது, சீசாவில் சீட்டு ஒட்டுவது, வந்த நோயாளியின் வியாதியையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவது ஆகியவை என் வேலைகள். சட்டம் வந்ததும் இன்னொரு வேலை சேர்ந்தது. டாக்டர் தரும் குடி பெர்மிட் சர்டிபிகேட்டுகளுக்கு நகல் எடுக்க வேண்டும்.

குடிக்காவிட்டால் இவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதினால் பெர்மிட் கிடைக்கும். நான்கு ஊர்களில் வயல் வைத்திருந்த ஒரு மிராசுதாருக்கு இருதய பலவீனம். மதுவிலக்கை வரவேற்றுக் கூட்டம் போட்டுத் தலைமை வகித்த வக்கீலுக்குத் தூக்கமின்மை. ஓய்வுபெற்ற ஓர் அதிகாரிக்கு என்ன எழுதுவது என்று டாக்டரே வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘பொதுவான தளர்ச்சி’ என்று எழுதினார். பனையேறிகளில் ஒருவருக்கும் இருதயம் பலவீனப்படவில்லை, தூக்கமும் கெடவில்லை. விடியுமுன் முப்பது மரம் ஏறி இறங்குகிறவர்களின் தேக ஆரோக்கியத்தை நகல் எடுத்தபடியே நான் வியந்தேன்.

சர்டிபிகேட் வாங்க வக்கில்லாதவர்களுக்குச் செங்கோட்டை பஸ் இருந்தது. ஐந்து மைல் தாண்டினால் திருவிதாங்கூர்ச் சீமை, வேறு சட்டம், திறந்த கடை. அந்தப் பக்கத்து மலையிலிருந்து விறகுக்கட்டுக்குள் கஞ்சாவும் அபினும் இறங்கின. குற்றாலத்து அருவிக்கரை மண்டபங்களில் பட்டப்பகலில் புகை எழும்பியது. சட்டத்தின் கண்ணில் இதெல்லாம் படவில்லை. சட்டம் பனைமரத்தைப் பார்த்தது. மரம் ஓடாது, மேலே ஏறியவனும் ஓட முடியாது.

பனையில் இறங்குவது பதநீர்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அது பதநீராகவே இருக்கும், காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். ஆகவே சுண்ணாம்பு தடவுகிறவனுக்கு லைசென்ஸ், தடவாதவனுக்கு வழக்கு. சட்டம் இதுவரை நியாயம். ஆனால் ரெய்டு போகிற இலாகாக்காரர்களுக்குக் கலயத்தை உடைப்பதில் ஒரு பெருமை இருந்தது. நாலு பேர் பார்க்க, சிதறுகாய் போடுவதுபோல் உடைப்பார்கள். சுண்ணாம்பு இருந்ததா இல்லையா என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அந்தக் கலயம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மதுவிலக்கால் எங்கள் வட்டாரத்தில் செழித்த தொழில் ஒன்றுதான்: கலயம் வனைவது.

ஆனி மாதம். சாரல் பிடித்துக்கொண்டது. மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் குற்றாலத்து பங்களாவில் முகாம் போட்டிருந்தார். சாரல் காலத்தில் அங்கே முகாம் போடாத இலாகாவை நான் பார்த்ததில்லை. மூன்று நாள் விடாமல் அருவியில் நின்றுவிட்டு, நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“ஒண்ணுமே மணக்க மாட்டேங்கும்மா. காப்பியக் குடிச்சா வெந்நி குடிச்ச மாதிரி இருக்கு.”

நீலகிரித் தைலச் சீசாவைத் திறந்து அவர் மூக்கடியில் பிடித்தேன்.

“என்னது இது, தண்ணியா?” என்றார்.

தைலத்தைக் கொடுத்து ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பினேன். பதிவேட்டில் ‘மூக்கடைப்பு, வாசனை அறவே தெரியவில்லை’ என்று எழுதினேன். அவர் அங்கிருந்து நேரே பக்கத்து ஊரான குத்துக்கல்வலசைக்குப் போய், பத்து மணிக்கு ஒரு பனையேறியின் ஒன்பது கலயங்களில் கள் நாற்றம் வீசுவதைக் கண்டுபிடித்தார். ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு ஒன்பதையும் உடைத்தார். லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்.

அந்தப் பாட்டில் மூன்று நாள் ஸ்டேஷன் ஜன்னலில் இருந்துவிட்டு டாக்டரின் அபிப்பிராயத்துக்கு எங்களிடம் வந்தது. தக்கை பிதுங்கி நின்றது. மூன்று நாள் மூடி வைத்தால் தோசை மாவுகூடக் குற்றவாளிதான்.

பாட்டிலுக்குப் பின்னாலேயே பனையேறியின் மனைவி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அழவில்லை.

“பாட்டிலு இங்கனதான் வந்திருக்காம். யாரு பாக்குறது, நீங்களா?”

“டாக்டர் பார்ப்பார். கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா?”

“சுண்ணாம்பு தேய்க்காம எங்க வீட்டுக்காரரு என்னைக்கும்மா கலயம் கட்டியிருக்காரு? சாரல் தண்ணி உள்ள விழுந்து நுரைச்சிருக்கும். அதுக்கு வானத்து மேலல்லா கேசு போடணும்!”

“கலயம் எங்கே?”

“அதான் ஒடச்சாச்சில்லா. கூட்டிப் பெருக்குனேன்.” முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையளவு ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைத்தாள். “பாளை இன்னும் ரெண்டு மாசம் வடியும். அதுல காய்ச்சுற கருப்பட்டிதான் எங்களுக்கு வருசத்துக்கும் சோறு. இப்ப லைசென்சு போச்சுன்னா மரம் சும்மா நிக்கும், நாங்க சும்மா கெடப்போம்.”

டாக்டர் பாட்டிலை முகர்ந்துவிட்டுக் ‘கள் என்று தெரிகிறது’ என்று பாதி எழுதியிருந்தார். சில்லை அவர் மேஜையில் வைத்து, சோதிக்க வேண்டும் என்றேன். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் காலேஜில் எனக்கும் வேறு பெயரில் சொல்லிக்கொடுத்தார்கள். மஞ்சளைக் கரைத்து உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டேன்.

சிவக்கவில்லை.

“பாத்தியா? மஞ்சள் மஞ்சளாவே இருக்கு. அடுப்படி வேலைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தா இப்படித்தான்” என்றார் டாக்டர். வாசலில் நின்றவளின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பூசிய சுண்ணாம்பு காற்றுப் பட்டால் மேல்தோல் வீரியம் இழந்துவிடும். கத்தியால் அந்தத் தோலைச் சுரண்டிவிட்டு, அடியில் இன்னொரு சொட்டு விட்டேன். வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்தது.

டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்ஸ்பெக்டர் சங்கடப்படுவாரேம்மா” என்றார். மஞ்சள் சிவந்ததில் அவர் கண்ட ஒரே விளைவு அது.

நோயாளிப் பதிவேட்டை எடுத்து, இன்ஸ்பெக்டர் வந்துபோன காலைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். எட்டு மணி, மூக்கடைப்பு, வாசனை அறவே தெரியவில்லை. அவர் இரண்டு தடவை படித்தார். பாதி எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘பாட்டிலில் உள்ளது நாள்பட்டது, அபிப்பிராயம் சொல்வதற்கில்லை. கலயச் சில்லின் உட்பூச்சில் மஞ்சள் சிவந்தது. காரணம் கூற இயலாது.’ மிராசுதாரின் இருதயத்துக்குள் இருந்த பலவீனத்தை நாற்காலியை விட்டு எழாமலே கண்டறிந்தவர் இவர். அடுப்படிச் சுண்ணாம்பு அவர் படிப்புக்கு எட்டவில்லை.

கோர்ட்டில் நடந்ததைப் பனையேறியின் மனைவி வந்து நடித்தே காட்டினாள். மாஜிஸ்டிரேட் தாளைப் படித்துவிட்டு, “காரணம் தெரியலையா? எங்க வீட்டுச் சமையக்காரிய அனுப்பட்டுமா?” என்று கேட்டாராம். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாராம். அதை அவள் இரண்டு தரம் சிந்திக் காட்டினாள். வழக்குத் தள்ளுபடியாயிற்று. அந்த வாரத்திலேயே லைசென்ஸ் திரும்பி வந்தது.

ஆடி மாதம் ஒரு நாள், பிரசவமான ஒரு பெண்ணுக்கு மருந்து கொண்டுபோக ஆலங்குளம் ரோட்டில் போனேன். ஒரு பனை விளையில் ரெய்டு முடிந்திருந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் தரையில் குந்தி, உடைத்த கலயங்களின் சில்லுகளைச் சிறுசு பெருசு விடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். குத்துக்கல்வலசை வழக்கிலிருந்து இலாகா கற்ற பாடம் அது. உடைக்குமுன் பார்ப்பதில்லை, உடைத்தபின் மிச்சம் வைப்பதில்லை.

கருப்பட்டிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் குத்துக்கல்வலசைப் பனையேறியின் மனைவியும் இருந்தாள்.

“அண்ணாச்சி, அந்தா மரத்து மூட்டுல ஒரு சில்லு கெடக்கு பாருங்க!” என்று அவள் கூப்பிட்டாள்.

கான்ஸ்டபிள் எழுந்து போய் அதையும் பொறுக்கினார்.