அசையாத போல்ட்டுக்கு மரியாதை

வில்லாபுரத்தில் என் பழைய காரின் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், கண்ணாடியை எப்போதும் நெற்றியில்தான் போட்டிருப்பார். சுலபமாகக் கழலும் போல்ட்டை "வாடா" என்பார். துருப்பிடித்து அசைய மறுப்பதற்கு மட்டும் மரியாதை உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லத் தட்டி, "வாங்கய்யா, கோவப்படாம வாங்க" என்பார்.

"இரும்புக்கு எதுக்குண்ணே இம்புட்டு மரியாதை?" என்று கேட்டேன்.

"முறுக்கிக்கிட்டு நிக்கிற ஆள அதட்டுனா தலை முறிஞ்சிரும் சார். கழண்டு வர்ற வரைக்கும் தாங்கித்தான் ஆகணும்."

கழன்றதும், "போடா" என்று டப்பாவில் எறிந்தார்.

இந்த எஞ்சின் தேறாது, வேறு மாற்றிவிடலாம் சார் என்று காலையிலிருந்து என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் சரி என்றேன்.

"அப்ப நாளைக்கு வாப்பா" என்று ஸ்பேனரைத் துடைத்தார்.