நர்ஸ் அக்கா வரைந்த கைகள்

முதலுதவி அறைக் கட்டிலில் கண் விழித்தபோது நான் முதலில் பார்த்தது, ஒரு காகிதத்தில் வரையப்பட்டிருந்த என்னுடைய கையை. மருந்துப் பதிவேட்டுக்கு அடியிலிருந்து அந்தத் தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீலப் பேனாவால் வரைந்த வலது கை, விரல்களை லேசாக மடக்கி உறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் நான் கட்டியிருந்த கறுப்புக் கயிறும், ஒயரை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் விழுந்திருந்த காய்ப்பும் அப்படியே இருந்தன. நான் பார்த்துவிட்டதைக் கவனித்த நர்ஸ் அக்கா பதிவேட்டை நகர்த்தித் தாளை மறைத்தார். "இன்னா சங்கரன்கோயிலு, ஒண்ணும் துன்னாமயே லைன்ல நின்னுகினியா?" என்று கேட்டபடி ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் நான் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு அது. தெற்கிலிருந்து வந்த பெண்கள்தான் எங்கள் லைனில் அதிகம். மண்ணூரில் ஒரு மாடி வீட்டை விடுதியாக்கி எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். ஒருவர் பெயர் இன்னொருவருக்கு மனத்தில் நிற்பதற்குள் யாராவது வேலையை விட்டுப் போய்விடுவார்கள். அதனாலோ என்னவோ எல்லோரும் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அக்கா மட்டும் உள்ளூர், ஸ்ரீபெரும்புதூர். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன அப்பாவைத் தவிர அவருக்கு வீட்டில் யாரும் இல்லை. "வூட்டுக்குப் போனா டிவி மட்டும்தான் பேசும்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த முறை தலைவலி மாத்திரைக்குப் போனபோது, நானும் வரைவேன் என்று அவரிடம் சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே எல்லாமே கைகள். கட்டுப் போட்ட கை, மருதாணி அழிந்துகொண்டிருந்த கை, தூக்கத்திலும் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இறுகிய கை. முகத்தை அவர் வரைவதில்லை. வரைந்த பிறகு, அந்தக் கைக்குரியவரிடம் காட்டி, "போடலாமா?" என்று கேட்பார். சரி என்றால் வீட்டில் இருந்த பழைய கணினியில் ஸ்கேன் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வலைப்பதிவில் ஏற்றுவார். படத்துக்குக் கீழே நான்கைந்து வரிகள் இருக்கும். என் கைக்குக் கீழே, 'இந்தக் கை தூங்கும்போதும் வேலை செய்கிறது' என்று எழுதியிருந்தார். அதை விடுதியில் செல்போனின் சின்னத் திரையில் நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த வலைப்பதிவுக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நார்வேயிலிருந்து ஈழத்தமிழர் ஒருவர் வாரம் தவறாமல் பின்னூட்டம் எழுதுவார், படத்தைவிட நீளமாக. ஒரு கையைப் பார்த்து, தன் அம்மா மீன் கழுவும்போது மோதிரத்தைக் கழற்றி வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். அக்கா அவருக்கு ஒரு நாள் முழுக்க யோசித்துப் பதில் எழுதுவார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. வலைப்பதிவு எழுதியவர்கள் ஒவ்வொருவராக முகநூலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பக்கங்கள் பாதியில் நின்ற கட்டடங்கள்போல் கிடந்தன. வருகையாளர் எண்ணிக்கையை அக்கா பார்ப்பதே இல்லை என்பார். பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். "இந்த வாரம் ரொம்பக் கொறச்சல்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

நான் அதற்குள் முகநூலுக்கு வந்துவிட்டிருந்தேன். நடிகர்களின் முகங்களைப் புகைப்படம் பார்த்து வரைந்து போடுவேன். போட்ட பத்தாவது நிமிடத்தில் லைக்குகள் வர ஆரம்பிக்கும், திரையின் மேல் மூலையில் சிவப்பில் ஒரு எண் ஏறும். விடுதியில் பதினெட்டுப் பேருக்கு நடுவில், சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் கிடந்த எனக்கு அந்தச் சிவப்பு எண்தான் என்னைத் தேடி வந்த ஆள். அக்காவும் வரட்டும் என்று நச்சரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அவரே வந்தார். நான் கணக்குத் தொடங்க ஆரம்பித்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் சொன்னார். முகப்புப் படம் வைக்கச் சொல்லித் திரையில் வந்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சங்கரன்கோயிலு."

"ஏங்க்கா? அங்க ஒரு மனுசரு பாக்காரு. இங்க ஆயிரம் பேரு பாப்பாங்கல்லா."

"அங்க வர்றவரு என்னத் தேடிகினு வர்றாரு. இதுல நான் போய் ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேரா நிக்கணும். என்னால ஆவாது."

சொல்லிவிட்டு எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "ஆயிரம் பேரு மெய்யாலுமே பாப்பாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. அவருக்கும் ஆசை இருக்கிறது, கூச்சம்தான் தடுக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் லைனில் கமுதி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுடைய இடது கையில் கட்டை விரலை ஒட்டி ஆறாவதாக ஒரு குட்டி விரல் உண்டு. அஞ்சல் வழியில் பட்டப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு தேர்வு பாக்கி. ஆபீசில் கணினி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். நிற்கிற வேலை என்று தெரிந்தால் அப்பா அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எங்களிடம் சொல்வாள். அவள் மயங்கி விழுந்த ஒரு நாளில் அக்கா அந்தக் கையை வரைந்தார். அவர் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது. அந்தக் குட்டி விரல் மட்டும் விழித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அக்கா கேட்டபோது, "அங்க யாருக்கா பாக்கப் போறா, போடுங்க" என்று கமுதி சொன்னாளாம்.

அந்தப் படத்தை வலைப்பதிவிலிருந்து எடுத்து நான் முகநூலில் போட்டேன். அக்காவிடமும் கேட்கவில்லை, கமுதியிடமும் கேட்கவில்லை. 'ஒரகடத்தில் எட்டு மணி நேரம் நின்று மயங்கி விழுந்த பெண்ணின் கை. வரைந்தவர் எங்கள் நர்ஸ் அக்கா' என்று எழுதினேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். மறுநாளே யார் யாரோ அதைப் பகிர்ந்தார்கள். பெரிய பக்கங்கள் எடுத்துப் போட்டன. அக்காவைப் பற்றிய வரியைக் காணோம். ஒரகடமும் மயக்கமும் மட்டும் தங்கிவிட்டன. ஆயிரம் ஆயிரமாக எண் ஏறியது. சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் அக்காவிடம் சொல்லலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் இருந்த கமுதியின் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்தான். ஆறு விரல் கையை அடையாளம் காண அவனுக்கு முகம் தேவைப்படவில்லை. நான்காம் நாள் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் விடுதி கேட்டில் வந்து நின்றார்கள். சத்தம் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்கள். விடுதி மாடியில் அவள் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒம்மேல கோவம் இல்லடி" என்றாள் நிமிராமலேயே. "நீ கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

அவள் அந்தத் தேர்வை எழுதவில்லை. பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது என்று யாரோ சொன்னார்கள். படத்தை நான் அழித்துவிட்டேன். ஆனால் என்னிடமிருந்து போனது எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் பஞ்சுகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டே, "எத்தினி பேரு எழுதியிருந்தாங்க அதுக்குக் கீழ?" என்று கேட்டார். நிறையப் பேர் என்றேன்.

"அத்தினி பேர்ல ஒருத்தராச்சும் அந்தப் பொண்ணு இப்ப எப்டி கீதுன்னு கேட்டாங்களா?"

நான் எல்லாவற்றையும் படித்திருந்தேன். அழுகிற பொம்மைகள், கூப்பிய கைகள், முதலாளிகள் மேல் கோபம், அரசாங்கத்தின் மேல் கோபம். அப்படி ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "சரி, டைமாச்சு. லைனுக்குப் போ" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டார். மாத்திரை கொடுப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார். பதிவேட்டுக்கு அடியில் மட்டும் தாள் எதுவும் இருக்காது. ஒரு பகலில், வராத தலைவலியை வந்ததாகச் சொல்லிக் கட்டிலில் படுத்தேன். கண்ணை மூடி, வலது கையை அவர் பார்வையில் படும்படி வைத்துக்கொண்டு, காகிதத்தில் பேனா உரசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அரை மணி நேரம் கழித்து, "போலாமா?" என்றார் அக்கா. எழுந்து போனேன். அன்றைக்கு உணர்ந்த தனிமையை, வீட்டை விட்டு முதன்முதலாகப் பேருந்து ஏறிய நாளில்கூட நான் உணர்ந்ததில்லை.

அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து எங்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டேன். நடிகர்களை வரைவது எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை. செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்ட இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் சில நாட்கள் வேலை இல்லை, செல்போனும் வேலை செய்யவில்லை. இணைப்பு திரும்பியபோது முகநூல் முழுக்க வெள்ளம். யார் யாரோ யார் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தேட வேண்டியவர் ஒருவர்தான். மறந்தே போயிற்று என்று நினைத்திருந்த அந்த வலைப்பதிவின் முகவரியை விரல் தானாகத் தட்டியது.

பக்கம் அப்படியே இருந்தது. கமுதியின் கை இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி: 'இந்தப் படத்தை எடுத்துவிட்டேன். கைக்கு உரியவரின் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.' அவ்வளவு தூரம், பேச்சு நின்றுபோன தன் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு, எப்படிப் போய் வந்தார் என்று தெரியவில்லை. செய்யாத தவறுக்கு அவர் போய் வந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஏழு படங்கள். ஏழும் ஒரே கை, ஒரு முதியவருடையது. கடைசிப் படத்துக்கு நார்வேக்காரர் மட்டும் எழுதியிருந்தார்: 'அப்பா எப்படி இருக்கிறார்?'

இத்தனை வருடங்களில் நான் அங்கே ஒரு பின்னூட்டம்கூட எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் கையைப் பற்றி அக்கா எழுதியதற்குக்கூட எழுதவில்லை. பகல் முழுக்க எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'அக்கா, நான் சங்கரன்கோயில். உங்களைக் கேட்காமல் செய்தேன். கமுதியையும் கேட்கவில்லை. வெள்ளத்தில் நீங்களும் அப்பாவும் பத்திரமாக இருக்கிறீர்களா?' அனுப்பியதும், பதிவர் அனுமதித்த பின்பே இது வெளியாகும் என்று திரையில் வந்தது.

தினமும் வேலைக்குப் போகுமுன் ஒருமுறையும் வந்தபின் ஒருமுறையும் பார்த்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்திலும் பார்த்தேன். ஊரிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, நார்வேக்காரரின் கேள்விக்குக் கீழே என் வரிகள் இருந்தன. பதில் எதுவும் இல்லை. அனுமதித்திருந்தார்.