வேம்புலி வீட்டுக் கடல்

தோளில் கிடக்கும் துண்டால் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அது போதாதென்று லுங்கியிலும் ஒருமுறை தேய்த்துக்கொள்கிறார் வேம்புலி. பிறகுதான் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குகிறார். ஒயரை விரலால் தடவிக்கொண்டே போய், அது பிளக் பெட்டிக்குக் கீழே தொங்கி, வளைந்து, மறுபடி மேலேறுகிறதா என்று பார்க்கிறார். "தண்ணி ஒயர் மேலயே ஊர்ந்துகினு வரும் சார். இப்டி வளைச்சு உட்டா கீழ சொட்டிட்டுப் பூடும். நேரா உட்டா பிளக்குக்குள்ளயே பூந்துடும்." இத்தனையும் முடிந்த பிறகே கண்ணாடித் தொட்டிக்குள் கையை விடுகிறார்.

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் மாநகரப் பேருந்து ஓட்டுநர் வேம்புலி. அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்க வந்த அன்று அவருடைய முன்னறையைத் தாண்டிப் போக முடியாமல் நின்றது நினைவிருக்கிறது. துவரம்பருப்பு டப்பா அடுக்கிய அலமாரிக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவே ஒரு கடல் நீல வெளிச்சத்தில் அசைந்துகொண்டிருந்தது. காளான் போலவும் பூப்போலவும் விரியும் மென்பவளங்கள், அவற்றுக்கிடையே வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள். எல்லாம் வீட்டிலேயே வளர்த்து விற்பவர்களிடம் வாங்கியவை. கடலிலிருந்து பிடுங்கியதைத் தொடமாட்டார். "அங்க கீறத இங்க இட்டாந்தா அதுக்குப் பேரு திருட்டு" என்பார்.

பல்வலிதான் அவரை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. பல் டாக்டரின் வரவேற்பறையில் இப்படி ஒரு தொட்டி இருந்ததாம். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், உள்ளே கூப்பிட்டதும் பக்கத்திலிருந்தவரை முதலில் போகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் மகளைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீடு வெறிச்சென்று இருந்தது.

மனைவி அங்கம்மாவுக்கு முதலில் சிரிப்பு. "மீனு வாங்கியாந்தா கொழம்பு வெக்கணும். குந்திகினு வேடிக்க பாப்பாங்களா?" என்று கேட்டவர், சில வாரங்களில் தொட்டிக்கு முழு உரிமைக்காரி ஆகிவிட்டார். வேம்புலி பகலெல்லாம் பேருந்தில் இருப்பார். வீட்டில் இருந்தது அங்கம்மாதான். காய் நறுக்குவது தொட்டிக்கு முன்னால், புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது தொட்டிக்கு முன்னால். ஜோடி மீன்களில் பெரியதற்குச் சம்பந்தியம்மா என்று பெயர் வைத்தார். "இன்னா சம்பந்தி, மூஞ்ச திருப்பிக்கினு போற? சாப்பாடு பத்தலையா?" என்று பேசுவது மாடிப்படி வரை கேட்குமாம். ஒருநாள் தொட்டியிலிருந்த இறால் சட்டையை உரித்துப் போட்டதைப் பார்த்து, செத்துவிட்டது என்று அழுதே விட்டாராம். அது கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்ததும் தெருவில் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். இதெல்லாம் வேம்புலி சொல்லிக் கேட்டவை. சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

தொட்டித் தண்ணீர் சூட்டில் ஆவியாகிக் குறையும். உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றவேண்டும். அது அங்கம்மாவின் வேலை. பவளம் வளர்வதற்குச் சுண்ணாம்புத் தண்ணீரும் வேண்டும். அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும், மொத்தமாகப் போனால் விஷம். அது வேம்புலியின் வேலை. சுண்ணாம்பு அடியில் படிந்துவிட்டால், மேலே நிற்கும் தெளிந்த நீருக்கும் குடிநீருக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது.

ஒருநாள் காலை வேம்புலிக்கு அவசரம். சுண்ணாம்புத் தண்ணீரைக் கலக்கி, வழக்கமாக வைக்கும் கட்டிலடியில் வைக்காமல், நல்ல தண்ணீர் கேனுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டார். இரண்டும் ஒரே மாதிரி நீலக் கேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "தண்ணி எறங்கிக் கீது, ஊத்திடு" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார்.

சமையல் முடித்துவிட்டு வந்து, கைக்கு எட்டிய கேனிலிருந்து அங்கம்மா ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்தது. போன் போட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். பாரிமுனையில் வண்டியை நிறுத்தியதும் வேம்புலி கூப்பிட்டார்.

"தண்ணி வெள்ளையா ஆயிடுச்சி. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. இன்னா பண்றது?"

"எந்தக் கேனு?"

"இங்க இருந்த கேனு."

"உன்ன யாரு அதத் தொடச் சொன்னது? கொன்னுட்டியேடி! இனிமே அதும் பக்கம் கைய வெச்ச, பாத்துக்கோ!"

கண்டக்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்க்க, அவர் திட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது. போனை வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"மாடிப்படிக்குக் கீழ உப்புத்தண்ணி கலக்கி வெச்சிருந்தேன் சார், பக்கெட்டு நெறைய" என்றார் என்னிடம், இதைச் சொன்ன நாளில். "மீனப் புடிச்சி அதுல உடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். பொழச்சிருக்கும். அவளுக்குத் தெரியாது, அது எதுக்கு கீதுன்னு. நான் திட்டுன நேரத்துல அதச் சொல்லியிருக்கலாம்."

மாலை வீட்டுக்கு வந்தபோது மீன்கள் ஒரு தட்டில் வரிசையாக இருந்தன. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, வாழையிலைத் துண்டால் மூடியிருந்தார் அங்கம்மா. சோறு போட்டார். அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் வருவதில்லை. அறையைக் கூட்டும்போதுகூட ஸ்டாண்டுக்கு முன்னாலேயே துடைப்பம் நின்றுவிடும்; அந்தக் கொஞ்ச இடத்தை வேம்புலிதான் கூட்டுகிறார்.

மறுபடி மீன் வாங்கினார். ஏன் என்று கேட்டேன். "அவ வருவான்னு பாத்தேன்" என்றார்.

இப்போது அவர் காட்டும் ஜாக்கிரதை பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் சிவப்புக் கேனுக்கு மாறிவிட்டது. தடித்த எழுத்தில் பெயர், பூட்டு வேறு. அன்றைக்குத் தேவையானதை மட்டும் சின்ன பாட்டிலில் எடுத்து வைக்கிறார், மொத்தமும் கவிழ்ந்தாலும் மீன் பிழைக்கும் அளவுக்கு. சூட்டைக் குறைக்க மேலே வைத்த மின்விசிறியை ரெட்டைக் கயிற்றால் கட்டியிருக்கிறார். கரண்டு போனால் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இழுத்து அறைக்குள் கொட்டாமல் இருக்க, குழாயில் ஒரு சின்னத் துளை. அந்தத் துளையை அடிக்கடி பல்குச்சியால் குத்தி அடைப்பு எடுப்பார். பல் டாக்டரிடம் இதைச் சொல்லவேண்டும் என்பது அவருடைய ஒரே ஜோக்.

ஒருமுறை ஒயரைத் தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சார், குடிக்கிற தண்ணியும் அதே மாதிரி கேன்லதான் வெச்சிருந்தோம். தாகத்துக்கு அவ அதுலேந்து மொண்டு குடிச்சிருந்தா?" என்னைப் பார்க்காமலே கேட்டார். "இத்தினி நாளா மீனுக்குத்தான் அழுதுகினு இருந்தேன். இது இன்னிக்குத்தான் தோணுது."

போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்க்கும் ஷர்மிளா கொரட்டூரிலிருந்து வந்திருந்தார். கடல்மீன் தொட்டி வைக்க அவருக்கு ஆசை. கீழே அழைத்துப் போனேன். வேம்புலி உற்சாகமாக எல்லாம் காட்டினார், கையைத் துடைப்பதிலிருந்து துளை குத்துவது வரை. சமையலறையில் அங்கம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இவ்வளவு பயப்படணுமா அண்ணா? என்னமோ நடந்த மாதிரி சொல்றீங்களே?" என்று ஷர்மிளா கேட்டார்.

"ஆமாம்மா. ஒருதபா ஊட்ல தெரியாம தப்பா ஊத்திட்டாங்க..."

பாத்திரச் சத்தம் நின்றது.

வேம்புலியும் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார். பிறகு சமையலறைக்குக் கேட்கும்படி, தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்:

"அவ தப்பா ஊத்தல. பேரு எழுதாம கேன வெச்சது நானு. ஊத்துன்னு சொன்னதும் நானு. அவ இன்னா பண்றதுன்னு கேட்டா. நான் அதுக்குப் பதிலே சொல்லல. ஊரே பாக்க வாயில வந்தத கத்தினேன்."

ஷர்மிளா என்னைப் பார்த்தார்.

சற்று நேரம் கழித்து அங்கம்மா வாசற்படியில் வந்து நின்றார். புறங்கையில் சோப்பு நுரை இருந்தது.

"இத்தினி நாள் கழிச்சி சொல்ற" என்றார்.

"ஆமா" என்றார் வேம்புலி.

அலமாரியிலிருந்து தீனி டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினார். அங்கம்மா நுரையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டியருகே வந்தார். ஆளைக் கண்ட மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வந்தன. குனிந்து பார்த்தார். புது மீன்கள், அவருக்கு எதையும் அடையாளம் தெரிந்திருக்காது. டப்பா அவர் முகத்துக்கு எதிரே நீண்டபடியே இருந்தது.

"நீயே போடு" என்றார்.

வேம்புலி ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். அங்கம்மா சமையலறைக்குத் திரும்பவில்லை. மீன்கள் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.