கதையில் நான் கிழித்த கடிதம்

இது நடந்தது 2000களின் நடுப்பகுதியில், ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு சின்ன நகரத்தில். எங்கள் தமிழ்க் குடும்பங்கள் ஒரு முப்பது இருக்கும். நான் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். அது தவிர இரண்டு உத்தியோகங்கள், இரண்டுக்கும் சம்பளம் கிடையாது. ஒன்று, வலைப்பதிவு வைத்துச் சிறுகதை எழுதுவது. மற்றது, எங்கள் ஆட்களுக்கு வரும் ஜேர்மன் கடிதங்களை வாசித்து விளக்குவது.

ஓரளவு டொச் மொழி தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் பிறகு தப்ப முடியாது. யாருக்கு வேலை போகிறது, யாருக்கு விசா நீடிக்கவில்லை, எந்த வீட்டில் விவாகரத்து என்பதெல்லாம் எங்கள் குசினி மேசையில்தான் முதலில் தெரியவரும். என் மனைவி வந்தவருக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார். அவருக்கு இருந்த நாகரிகம் எனக்கு இருக்கவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது குறைவு. சென்னைக்குப் போய்க் கல்யாணம் கட்டிவிட்டு வந்திருந்தார். கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அதிகாரிகள் இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்திருந்தார்கள். கல்யாணத்தன்று மழை பெய்ததா என்று ஒரு கேள்வி. இவர் ஓம் என்றிருக்கிறார். கணவர் இல்லை என்றிருக்கிறார். காலையில் இவர் மண்டபத்துக்கு வரும்போது மழை. பிந்தி வந்த மாப்பிள்ளைக்கு வெயில். இதையும் இன்னும் சிலவற்றையும் வைத்து, உங்கள் திருமணம் உண்மையானதா என்று சந்தேகமாக இருக்கிறது, விளக்கம் தாருங்கள் என்று அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்திருந்தது.

நான் வாசித்து முடித்ததும் அவர் கடிதத்தை வாங்கி மடிப்பை நீவினார். பிறகு, "அண்ணை, உங்களிட்ட லோகர் இருக்கோ?" என்று கேட்டார். தாளில் துளை போடும் கருவியை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கறுப்பு லோகர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு துளை போட்டு, பையில் இருந்த தடித்த கோப்பில் கடிதத்தைக் கோத்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்த மழை பிடித்துவிட்டது. இப்படி ஒரு விஷயம் கையில் கிடைத்தால் எந்த எழுத்தாளன் சும்மா இருப்பான்? பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். அத்துடன் கடமை முடிந்தது என்று நினைத்தேன். லோகர் கதைக்கு உதவாது என்று விட்டுவிட்டேன். என் கதையில் அந்தப் பெண் கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, யன்னல் அருகே நின்று பனியைப் பார்த்து அழுதாள். நாற்பதுக்கு மேல் பின்னூட்டங்கள். கனடாவில் இருந்து ஒருவர் தன் மனைவியும் அழுததாக எழுதியிருந்தார். நான் தரையில் நடக்கவில்லை.

யாரோ அதை அச்செடுத்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது குடும்பத்துக்குள் மழை யாருடையது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? பாடசாலையில் உதவிக்கு நின்ற அந்தப் பெண் அந்தப் பக்கம் வருவது நின்றது. எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது. "உங்களுக்கு நாற்பது பின்னூட்டம் வந்தது. அவவுக்கு என்ன வந்தது?" என்று மனைவி கேட்டார். கதை வேறு, வாழ்க்கை வேறு என்று ஏதோ பெரிய விளக்கம் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் அவர் வந்தார். கையில் ஒரு மஞ்சள் உறை. இங்கே பதிலுக்குத் தவணை உள்ள கடிதங்கள் அப்படித்தான் வரும். தபால்காரர் கொண்டுவந்த திகதியை உறையில் எழுதிப் போடுவார், நாட்களை அன்றிலிருந்து எண்ணுவார்கள். உறையைப் பார்த்தேன். இருபத்தாறு நாட்களுக்கு முந்தைய திகதி. உறை பிரிக்கப்படவே இல்லை.

"வேற ஆள் இல்லை, அதால வந்தனான்," என்றார். "வாசியுங்கோ. ஆனா எழுதாதேங்கோ."

கணவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்குள் எதிர்த்து எழுதாவிட்டால் அந்த முடிவே உறுதி. இருபத்தாறு நாட்களும் அந்த உறை அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்திருக்கிறது. என்னிடம் கொண்டுவந்தால் அடுத்த கதையாகிவிடும் என்ற பயம். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் அவரைக் கூட்டிப்போனேன். அன்று மாலையே ஆட்சேபணை தொலைநகலில் போனது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, பேருந்தில் என் பக்கத்தில் இருக்கவும் இல்லை. அது நியாயம்தான்.

அந்தக் கதையை அழித்தேன். வலைப்பதிவையும் மூடினேன். இரண்டு வருடங்கள் ஒரு வரி எழுதவில்லை.

பிறகு ஒரு கோடையில், ஊன்ட்றொப் என்ற ஊரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போயிருந்தோம். கால்வாய் ஓரம் சனக்கூட்டம். பின்னால் இருந்து "அண்ணை" என்று ஒரு குரல். அவர்தான். பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர்.

"இவர்தான் மழை பெய்யேல்லை எண்டு சொன்னவர்," என்றார்.

அந்த மனிதர் சிரித்தார். நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கையால் தள்ளிவிட்டு, "இப்ப ஒண்டும் எழுதுறேல்லையோ?" என்றார். இல்லை என்றேன்.

"உங்கட கதையில நான் கடிதத்தைக் கிழிச்சனானாம். அதுதான் எனக்குச் சரியான கோவம். கேக்காமல் எழுதினதைவிட அதுதான் கோவம். நான் கிழிச்சிருந்தா இவர் இண்டைக்கு இஞ்ச நிப்பாரே?"

வழக்கறிஞர் கேட்ட ஒவ்வொரு தாளும் அந்தக் கோப்பில் திகதி வாரியாக இருந்ததாம். மண்டப ரசீது, தொலைபேசி அட்டைகள், முதல் கடிதம் எல்லாமே. அதை வைத்துத்தான் முடிவு மாறியது. என் கண் முன்னால், என் மேசையில், என் லோகரால் அவர் தன் கணவரை இங்கே கொண்டுவந்துகொண்டிருந்தார். நானோ அவரை யன்னலருகே நிறுத்தி அழவைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை வலைப்பதிவைத் திரும்பத் திறந்தேன். முன்பு வாரம் ஒரு கதை, வருட முடிவில் ஒரு தொகுப்பு என்றெல்லாம் இலக்கு வைத்திருந்தேன். இந்த முறை, மாதம் ஒரு கதை, ஒரு நாவலின் முதல் பாகம், பின்னூட்டம் எண்ணாமல் இருப்பது என்று எழுதினேன். கடைசியில், யாருடைய வாழ்க்கையை எடுத்தாலும் அவரிடம் கேட்டு, அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே போடுவேன் என்றும் சேர்த்தேன். உண்மையைச் சொன்னால், முதல் மூன்றும் அந்த வருடமே கவிழ்ந்தன. கடைசி ஒன்று மட்டும் இன்றுவரை நிற்கிறது.

இந்த அனுபவத்தையும் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அவருக்கு வாசித்தேன். ஓம், அனுப்புங்கோ என்றார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். லோகர் சிவப்பு என்று எழுதியிருந்தேன், அது கறுப்பாம். இப்போதும் என் கதையில் யாராவது அழத் தொடங்கினால் எழுதுவதை நிறுத்திவிட்டு, கதைக்குரியவரிடமே அந்த நேரம் அவருடைய கைகள் உண்மையில் என்ன செய்தன என்று கேட்கிறேன்.